டீன் மேசையில் இருக்கும் உன் பேப்பர்

பெரியநாயக்கன்பாளையம்
ஜூன் 21

அன்புமணிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ டப்ளினில் கடற்கரையில் நின்று சிரிக்கிற படத்தை உன் அக்கா அன்புக்கரசி போனில் காட்டினாள், அதனால் நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய், நானும் அழுதுவிடுவேன். இதைக் கடைசிவரை படி.

யுனிவர்சிட்டி நெட்டில் போட்ட கோடைகாலச் செய்தி இதழை நீயும் பார்த்திருக்கிறாய். முதல் பக்கத்தில் புது டீன் டாக்டர் மதன்குமார் படம், அதன் கீழே நீ “வாழ்த்துகள் சார், உங்களிடம் படித்ததில் பெருமை” என்று எழுதியதை அக்கா எனக்குப் படித்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். நிர்வாக நலன் கருதி இடமாற்றம் என்று ஆறு பேர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஐந்தாவது சாய்ப்ரியா சிஸ்டர், ஆறாவது உன்னைப் பெற்றவள்.

என்ன நடந்தது என்று நீ ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை, இப்போது கேள். பல் ஆஸ்பத்திரியில் கருவிகளை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்கிற அறையில்தான் பத்தொன்பது வருஷமாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். உனக்கு வாத்தியாராக இருந்து ஏப்ரலில் டீன் ஆன இவர் முதல் வாரமே அங்கே இருந்த மூன்று பேரில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார். மே மாதம் சத்தியமங்கலத்துப் பக்கத்து ஜனங்களைப் பஸ் வைத்து அழைத்துவந்து பல் பிடுங்கும் முகாம் நடத்தினார்கள். அன்றைக்குக் காலையிலேயே எங்கள் அறைக்குப் பொறுப்பான சாய்ப்ரியா சிஸ்டர் வந்து, “அக்கா, இந்த மெசினப் போட்டுறாதீங்க, கதவோரம் ஆவி கசியுதுங்க, சூடே ஏற மாட்டேங்குது, நான் நோட்டுல எழுதி வெச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டு முகாமுக்குப் போனாள். எழுதியதை நானும் படித்தேன். பத்து மணிக்கு டீன் அவரே வந்தார். கூட்டம் நிற்கிறது, பேப்பர்காரர்கள் வந்துவிட்டார்கள், போடுங்கள் என்றார். நோட்டைக் காட்டினேன். “நான் சொல்றேனுங்கம்மா, போடுங்க” என்றார். பொத்தானை அமுக்கியது இந்தக் கைதான், அன்புமணி. அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

நாலாம் நாள் ஐந்து பேர் தாடை வீங்கித் திரும்பி வந்தார்கள். அதில் பழனாத்தாள் என்கிற அம்மா தொண்டைவரை சீழ் இறங்கிப் பதினோரு நாள் வார்டில் கிடந்தார்கள். உடனே விசாரணை என்றார்கள். நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் காணோம். டீன் என்னை அறைக்குக் கூப்பிட்டு, மெசின் பழுது என்று சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை என டைப் அடித்த தாளை முன்னால் நகர்த்தினார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். “ஏனுங்கம்மா, உங்க பையனோட ட்ரெய்னிங் சர்ட்டிபிகேட் என் டேபிள்லதானுங்க இருக்குது. அங்க லைசென்சுக்கு அது வேணுமாமே. நீங்க இதுல போடுங்க, நான் அதுல போடறேன்” என்றார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். உன் வாயிலிருந்து என்ன வரும் என்று எதிர்பார்த்தேனோ, அது வரவில்லை. “அந்தம்மா உனக்கு யாரும்மா? ஒரு கையெழுத்துத்தான, போட்டுப்போட்டு உன் வேலையப் பாரு” என்றாய். ஆஸ்பத்திரியில் நீ படித்தபோது டைபாய்டில் விழுந்தாய், நான் லீவு கிடைக்காமல் நின்றேன், எட்டு நாள் உன் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டியது யார் என்று நினைவிருக்கிறதா? அந்தச் சிஸ்டர் எனக்கு யார் என்று நீ கேட்கிறாய். போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. டீன் கொடுத்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை.

விசாரணையில் வெளியூர்ப் பெண் டாக்டர் ஒருவர் கேட்டார். சிஸ்டர் எழுதி வைத்தது, நான் படித்தது, டீன் சொன்னது, நான் போட்டது, நாலையும் சொன்னேன். டீன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும் சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வேலைக்கும் உலை வெச்சுக்கிட்டீங்களேக்கா” என்று அழுதாள். தீர்ப்பு என்ன தெரியுமா? பழுது மெசினுக்காம், மனுசருக்கு இல்லையாம். சிஸ்டர் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள், ஆனால் ஹாஸ்டல் நோயறைக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை நூலகத்தில் பெருக்கப் போட்டிருக்கிறார்கள். டீன் டீனாகவே இருக்கிறார், நீயும் வாழ்த்துச் சொல்லிவிட்டாய். புது மெசின் மட்டும் வந்துவிட்டது.

போன ஞாயிறு அப்பாவும் நானும் சத்தியமங்கலம் போய்ப் பழனாத்தாளைப் பார்த்தோம். மெசினைப் போட்டது நான்தான் என்று சொன்னேன். அந்த அம்மா இனிமேல் வராதீங்க என்று மட்டும் சொன்னார்கள். சொல்ல வேண்டியதுதான், வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் நீ சொன்னதுதான் காதில் இருந்தது.

உன் பேப்பர் இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கிறது. நான் போய்க் கேட்க மாட்டேன், அப்பாவையும் விட மாட்டேன். டீன் போடாவிட்டால் பதிவாளரும் போடலாமாம், நூலகத்தில் சொன்னார்கள். அவருக்கு நீயே எழுது. அதற்கு முன்னால் சிஸ்டருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேள். கேட்கிறவரைக்கும் என்னைக் கூப்பிடாதே, கூப்பிட்டால் அப்பா எடுப்பார். அங்கே மழையில் நனையாதே, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் இப்போதும் மாரியம்மனைக் கும்பிடுகிறேன், கோபம் வேறு, அது வேறு.

பதிவாளருக்கு எழுதும்போது சின்னாத்தாள் மகன் என்று முதல் வரியிலேயே எழுது. அங்கே இப்போது என்னைத் தெரியாதவர்கள் இல்லை. அதனால் உன் காரியம் கெடுவதானால் கெடட்டும், அந்தப் பெயரை மட்டும் மறைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. சின்னாத்தாள்