பிள்ளையார் சுழி போட்ட வாக்குச்சீட்டு

மனோர் பார்க், லண்டன்,
7.7.1991

தேர்தலுக்கென்று அண்ணர் வீட்டுக்குப் போய் ஆறு கிழமையாய் அங்கேயே இருக்கிற என் மனைவிக்கு,

அயர்லாந்துக் கவுன்டி கவுன்சிலுக்கு நின்ற உம்முடைய டொக்டர் அண்ணர் ஒரே வோட்டால் தோற்றது வெள்ளையரின் சதி என்று எழுதியிருந்தீர். நானும் அழத் தயாராய்த்தான் இருந்தேன். ஆனால் அவருக்காக நோட்டீஸ் குடுக்க அங்கே போய், வோட்டு எண்ணும் மண்டபத்திலும் நின்ற எங்கடை குலசேகரம் நேற்று முருகன் கோயிலில் உண்மையைச் சொல்லிப்போட்டான்.

வாக்குச்சீட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தானாம் அண்ணர் தன் பெயருக்கு நேரே, அங்கத்தை முறைப்படி புள்ளடிக்குப் பதிலாய், ஒன்று என்று எழுதினவர். அதிகாரி அந்தச் சீட்டைத் தூக்கி, "இதென்ன அடையாளம்?" என்று கேட்க, இவர் எழும்பி, "ஐயோ, அது என்ரை வோட்டு!" என்று கத்தினாராம்.

"ஆருடையது என்று தெரிந்தால் செல்லாது, டொக்டர்."

அது சேர்ந்திருந்தால் சரிசமமாம், குலுக்கலிலாவது தப்பியிருப்பார். சோதனைப் பேப்பருக்கும் வாக்குச்சீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மூளை! அதுக்கொரு கவுன்சிலர் ஆசை!

அவர் வென்றால் காரியதரிசியாய் அங்கேயே இருந்துவிடுவேன் என்றீர். தோற்றுவிட்டார். வாரும். இந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லாமல் எல்லா விசயத்திலும் நானே வென்றுகொண்டிருக்கிறேன். சகிக்க ஏலாமல் கிடக்கு.

இப்படிக்கு,
போட்டியின்றித் தெரிவாகியிருக்கும்
உம்முடைய புருஷன்