வானுக்குள் கட்டிய வாங்கு

இல்லை அண்ணை, நேற்று நீங்கள் சொன்னதுபோல மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசித்து வந்த பயமில்லை இது. வெங்காயம் ஏற்றுகிற வானுக்குள் சேர்ச்சில் சனம் இருக்கிற நீட்டு மர வாங்கைக் கயிற்றால் கட்டிவிட்டு, “மூண்டு பேர் வசதியா இருக்கலாமடி” என்றீர்கள். இன்று காலை ஒரு கையால் தள்ளினேன், வாங்கு நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதில்தான் வரப்போகிறாள்.

பெல்ற் உள்ள சீற்றுகளை வானின் அடிச்சட்டத்தோடு போல்ற் போட்டுப் பூட்டலாமா, வாகனப் பதிவையும் மாற்ற வேண்டுமா என்று சாவகச்சேரிக் கராச்சில் கேட்கப் போகிறேன். வானை ஸ்ராட் பண்ணுகிற திறப்பு என் பையில் இருக்கிறது, தேடாதீர்கள். புட்டு மூடி வைத்திருக்கிறேன். நேற்றுக் கத்தியதற்கு மன்னியுங்கள்.

செரீனா

பி.கு. பின்னேரம் திறப்போடு வருவேன். மாமா ஓட்டட்டும். ஒரு வெங்காயச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, நீங்களே அந்த வாங்கில் இருந்தபடி சந்திவரை போய் வருவீர்களா அண்ணை?