பெட்டிக்குள் அழித்தது

அன்புள்ள அண்ணாவுக்கு, ஸ்டூடியோவிலிருந்து தங்கை எழுதுவது.

நான் முதலில் கவனித்தது கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கைத்தான். டிஸ்க்கில் வேலை நடக்கும்போது மட்டும் அது மினுங்கும். ஒரு வரி தட்டி எண்டரை அழுத்தினேன். மினுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. விளையாட்டுக்குச் செய்த காரியத்துக்கு இவ்வளவு நேரம் ஏன் என்று நினைத்தேன்.

உன் இடுப்புவலி குறைந்ததா? கப்பலில் மூட்டை தூக்கும் வேலையை உனக்கே கொடுக்கிறார்களா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, அவசரமாக எழுதுகிறேன்.

உன் நண்பரிடம் நீ கொடுத்தனுப்பிய பென் டிரைவ் போன மாதமே வந்தது. கூடவே நீ எழுதியிருந்த நான்கு பக்கத்தையும் மனப்பாடமாகும்வரை படித்துவிட்டேன். விண்டோஸைப் போலக் கம்ப்யூட்டரை இயக்குவதுதான் லினக்ஸ், அது இலவசம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், கற்றுக்கொள்ள வருகிறவளிடம் எத்தனாவது படித்தாய் என்று அது கேட்காது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்டூடியோக்கார அக்காவிடம் கேட்காமல் அவர் கம்ப்யூட்டரில் போட்டேன். அதுதான் முதல் தப்பு. நீ சொன்னபடி விர்ச்சுவல் மெஷின் ஒன்றை உருவாக்கினேன். கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் லினக்ஸ். டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று அது கேட்டபோது உயிரே போய்விட்டது. ஆனால் அழிந்தது பொய் டிஸ்க்தான், வெளியே ஒன்றும் ஆகவில்லை. உள்ளே என்ன செய்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது என்று நீ எழுதியது சரிதான் என்று அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா வெளியே போகும் மதியங்களில் அதற்குள் போய்விடுவேன். பூட்டிய அறையில் தனியாகப் பாடிப் பார்ப்பதுபோல. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இன்று எங்கள் ஸ்டூடியோப் படங்கள் லினக்ஸில் எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசை வந்தது. படங்கள் இருக்கும் ஃபோல்டரை அந்தப் பொய்ப் பெட்டிக்குள் தெரியும்படி பகிர்ந்தேன். அழகாகத் தெரிந்தன. உள்ளே தெரிவதால் எல்லாம் நகல் என்று நினைத்துவிட்டேன். பிறகு அழிக்கும் கட்டளையைப் பழகிப் பார்க்கலாமே என்று அந்த ஃபோல்டரின் பெயரையே தட்டினேன். அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவை நகல் இல்லை, அண்ணா. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வெளியே இருந்ததையே எடுத்து எறிந்திருக்கிறேன். வெளியே வந்து பார்த்தால் ஃபோல்டர் காலி, குப்பைத்தொட்டியும் காலி.

போனவை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எதிர்வரிசை பேக்கரிக்காரர் மனைவியோடு நேற்று வந்து படம் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு நாளைக் காலையில் தலையில் ஆபரேஷன். முடியை எடுப்பதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும் என்று வந்தார்கள். “மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா எடும்மா, இவரு முப்பது வருஷமா கிண்டல் பண்றாரு” என்று அந்த அம்மா சொல்ல, அவர் “மூக்கைப் பாத்துத்தானே கட்டிக்கிட்டேன்” என்றார். அந்தச் சிரிப்பில்தான் அக்கா படத்தை எடுத்தார். அக்கா படங்களைக் கம்ப்யூட்டரில் கொட்டிய பிறகு கேமரா கார்டைக் காலி செய்து வைப்பது என் வேலை. நேற்றே செய்துவிட்டேன். அந்தக் கார்டோடுதான் அக்கா இன்று வெளிவேலைக்குப் போயிருக்கிறார்.

நாலு மணிக்குப் பேக்கரிக்காரர் வந்து நின்றார். “வேற எதுவும் வேணாம் பாப்பா, ஒரே ஒரு படம் குடு. ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார். ஆறு விரலைக் காட்டினேன். ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். போகும்போது எனக்கு ஒரு பன் கொடுத்தார். அது மேசையில் அப்படியே இருக்கிறது.

முன்பு ஒரு தடவை அக்கா எதையோ அழித்துவிட்டபோது கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து மீட்டுக் கொடுத்தார். “அழிச்சது எங்கயும் ஓடிடாதுக்கா, அங்கயேதான் கெடக்கும். மேல வேற எதையாவது எழுதுனாதான் போகும். பதறிப்போய் நோண்டாம இருந்தாலே பாதி பொழச்சுது” என்றார். அது ஞாபகம் வந்ததும் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஆனால் அக்கா எப்போதும் உள்ளே வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டு, அன்றைய படங்களை எல்லாம் கொட்டுவார். இன்று கொட்டினால், எல்லாம் அந்த அம்மாவின் முகத்தின்மேல் விழும்.

மூன்று தடவை போன் செய்தேன். படம் எடுக்கும்போது அக்கா போனை அணைத்து வைப்பார். மெக்கானிக் நம்பர் அவர் போனில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் தானாகச் செத்துவிட்டது என்று சொல்லலாமா என்றும் தோன்றியது. பழைய கம்ப்யூட்டர்தானே, நம்புவார். ஆனால் நம்பினால் ப்ளக்கைச் சொருகித் தட்டித் தட்டிப் பார்ப்பார். நான் தப்பிப்பேன், படம் தப்பாது.

உண்மையைச் சொல்லவும் எனக்கு வராது. உனக்குத் தெரியாதா? அக்கா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுகிறார். ‘அக்கா’ என்று ஆரம்பித்து நான் அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் அவர் கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தியிருப்பார்.

அதனால் இதை உனக்கு அனுப்பப்போவதில்லை, அண்ணா. உனக்கு வேறொன்று எழுதுகிறேன். உன்னிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டதால்தான் இவ்வளவும் வந்தது.

அக்கா, இதுவரை படித்திருந்தால் கம்ப்யூட்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள். முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அண்ணன்மேல் கோபப்படாதீர்கள், அவன் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்திருக்கிறது. என்னை நாளைக்கு வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். இன்று ஆறு மணிவரை மட்டும் என்னை வெளியே அனுப்பாதீர்கள். பேக்கரிக்காரரிடம் நானே நின்று சொல்கிறேன். சொல் வராவிட்டால் இந்தக் காகிதத்தை அவரிடமும் காட்டுகிறேன். அந்த அம்மா நல்லபடியாக எழுந்து வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்

ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. இதைப் பொத்தானின் மேல் டேப் போட்டு ஒட்டுகிறேன்.