ஞானமேரி எழுதவைத்த பெயர்

சிதம்பரம்
6-1-2025

அன்புள்ள டோனி அண்ணனுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நம் குடும்பப் பெயர் 'தெலாக்ருவா' நாம் சொல்லிக்கொள்வதுபோல் எந்தப் பிரெஞ்சுக் கேப்டனும் விட்டுப்போனது அல்ல. கடலூர் கோயிலில் 1877ஆம் வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். பஞ்ச காலம். நம் தாத்தாவின் பாட்டி ஞானமேரி, கிள்ளை உப்பளத்தில் வேலை செய்தவள், கைக்குழந்தையோடு நடந்தே வந்திருக்கிறாள். குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்ல மறுத்திருக்கிறாள். அந்த இடத்தை வெறுமையாக விடவும் சம்மதிக்கவில்லை. பீடத்துச் சிலுவையைக் காட்டி, "அதும் பேர எழுதுங்க சாமி" என்றாளாம். பிரெஞ்சுச் சாமியார் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். தெலாக்ருவா என்றால் 'சிலுவையினுடைய' என்று பொருள். பிறகு மகனின் கல்யாணப் பதிவில் அவள் பெயரோடும் அதுவே இருக்கிறது. அவள் தொழில், மீன் வியாபாரம்.

நகல் இணைத்திருக்கிறேன். மகள் அமலாவின் கல்யாண வேலை எப்படிப் போகிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடு.

உன் தங்கை
ஜெனிபர்

கடலூர்
13-1-2025

அன்புத் தங்கைக்கு,

நகலைக் கிழித்துவிட்டேன், கோபப்படாதே. சம்பந்தி அந்தோணிசாமி "கேப்டன் வம்சத்துல பொண்ணு எடுக்குறோம்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். தகப்பன் பேர் தெரியாத குடும்பம் என்று தெரிந்தால் என் மகள் கதி என்ன? பிப்ரவரியில் கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்காதே. அண்ணி உனக்கு நெல்லிக்காய் ஊறுகாய் எடுத்துவைத்திருக்கிறாள்.

அண்ணன்
டோனி

சிதம்பரம்
20-1-2025

அண்ணனுக்கு,

வேறு நகல் எடுத்துவிட்டேன்.

நான் புருஷனை விட்டு வந்து ஏழு வருஷம். "மாப்ள துபாய்ல இருக்காரு" என்று நீ சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன். அடி வாங்கியது நான், வெட்கப்பட்டது நீ. இனி ஆட்டமாட்டேன். பட்டினியோடு வந்து நின்ற ஞானமேரியே தலைகுனியவில்லை, நாம் எதற்குக் குனியவேண்டும்?

நானாகப் போய் யாரிடமும் சொல்லமாட்டேன். கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன். அது பிடிக்காவிட்டால் எனக்குப் பத்திரிகை அனுப்பாதே.

ஜெனிபர்

கடலூர்
2-2-2025

ஜெனி,

உன் இரண்டு கடிதங்களையும் அமலா படித்துவிட்டாள். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டாள். நேற்று அந்தோணிசாமி வந்து, "கேப்டன்னு சொன்னது பொய்யாங்க?" என்றார். மழுப்பத்தான் வாயெடுத்தேன். அமலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய்தாங்க. எங்க தாத்தாவோட பாட்டி உப்பளத்துல வேல செஞ்சவுங்க. அவுங்க வாங்கிக் குடுத்த பேருதான் இது" என்றேன். அதோடு நிற்கவில்லை. "என் தங்கச்சியும் புருஷன் வேணாம்னு வந்தவதாங்க. துபாயெல்லாம் சும்மா" என்றும் சொல்லிவிட்டேன்.

"வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று டீயைக் குடிக்காமல் போனார். இன்னும் பதில் இல்லை. அண்ணி அழுகிறாள். அமலா அழவில்லை. "தெரிஞ்சு வர்றதா இருந்தா வரட்டும்பா" என்கிறாள்.

பத்திரிகை இதோடு வைத்திருக்கிறேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அன்றைக்குக் காலையில் நீ இங்கே என் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அண்ணன்
டோனி