கட்டைவிரல் தெரிந்த ரிப்போர்ட்

கடித எண்: 3 (எண் 1, 2 என்னாலேயே கிழிக்கப்பட்டன)
2019 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை 6.40

அன்பு மகள் பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். 7ஆம் தேதி மாலை 5.20க்கு நீ போனை வைத்தாய். அதன்பின் பதினொரு முறை அழைத்தேன். மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டதற்கு, "நான் சொன்னா கேக்க மாட்டா மாமா, நீங்க எழுதுங்க. உங்க எழுத்தை மட்டும் அவ கிழிக்க மாட்டா" என்றார். ஆகவே கூரியரில் அனுப்புகிறேன். நாளை பகலுக்குள் உன் கைக்கு வரும்.

அன்று நீ சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "உங்க இருநூத்திப் பதிமூணு பொம்பளைங்கள்ல நான் ஒருத்தி இல்லப்பா. நார்மல்னா நார்மல். விடுங்க." விட முடியவில்லை. ஒரு வாரமாகக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடக்கிறேன். இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டேன்.

நீ அனுப்பிய ரிப்போர்ட் படத்தில் இருந்த எண்ணைச் சொல்கிறேன். 5ஆம் தேதி செவ்வாய், காலை 8.10க்கு எடுத்த இரத்தத்தில் கார்டிசால் 11.4. பக்கத்தில் அச்சிட்டிருப்பது 5 முதல் 25 வரை. உன் டாக்டர் அதைப் பார்த்து, வாந்தியும் தலைசுற்றலும் சிலருக்குக் கடைசிவரை இருக்கும் என்று அனுப்பிவிட்டார். அந்த அச்சு கர்ப்பமில்லாதவர்களுக்கானது, அம்மா. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் இந்த ஹார்மோன், கர்ப்பிணியின் இரத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பாஸ் போட்டிருக்கிறார்கள். நான் பதினேழு ஆண்டுகள் இருநூற்றுப் பதின்மூன்று கர்ப்பிணிகளிடம் சேர்த்த பட்டியலில், உன் கர்ப்ப வாரத்துக்கு மிகக் குறைந்த எண்ணே 19.

எண்ணைப் பார்த்தபின்தான் கட்டைவிரலைப் பார்த்தேன். ரிப்போர்ட்டைப் பிடித்திருந்த உன் விரலின் கணுக்கோடுகள் மை தடவியது போல் கறுத்திருந்தன. மாப்பிள்ளையும், "உப்பு டப்பா மூணு நாள் நிக்கல மாமா, வெறும் உப்பை அள்ளித் திங்கிறா" என்று சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் அந்த விரலையும் அந்த உப்பையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

1985 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. உன் அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். எழுந்தால் கண் இருட்டுகிறது என்றாள். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலேயே இரத்தம் எடுத்துப் பார்த்தோம். கார்டிசால் 9.8. அச்சிட்ட எல்லைக்குள் இருந்தது. குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த டெக்னீஷியன் அக்கா, "ஏன் சார், வயித்துல புள்ளை இருக்கறவங்களுக்கும் இதே கணக்குதானா?" என்று கேட்டார். "அச்சுல இருக்குல்ல, அப்புறம் என்ன? படிச்சது நானா நீங்களா?" என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

27ஆம் தேதி புதன், காலை 9.15க்கு அம்மா குளியலறையில் விழுந்தாள். அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். உனக்கு ஓர் அண்ணன் இருந்திருப்பான்.

தினமும் காலையில் அம்மா விழுங்கிய சின்ன மாத்திரை சளிக்கு என்று உன்னிடம் சொன்னோம். சளிக்கு அல்ல, அவள் சுரப்பி சுரக்காத அந்த ஹார்மோனுக்கு ஈடாக. அது இருந்ததால்தான் 1988இல் நீ முழுதாகப் பிறந்தாய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள், இன்று மீறுகிறேன். இந்தக் கோளாறு குடும்பத்தில் தொடரக்கூடியது என்று தெரிந்தும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் சத்தியத்துக்காக மட்டும் அல்ல. சட்டைப்பையில் மடித்து வைத்த அந்தத் தாளைப் பற்றியும் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். இருந்தால், "கிழம் உளறுச்சு" என்று ஆயுள் முழுக்க என்னைக் கேலி செய். ஆனால் கடிதம் கிடைத்த அன்றே ஹார்மோன் டாக்டரைப் பார். நீயாக எந்த மாத்திரையும் போடாதே. வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு மணி நேரமும் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, போ.

நீயும் உள்ளே இருப்பதும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா "காலண்டர்" என்று கூப்பிட்ட
அப்பா

இணைப்பு:
1. என் பட்டியலின் நகல், ஒரு தாள். உன் வாரத்தைச் சிவப்புப் பென்சிலால் சுழித்திருக்கிறேன்.
2. டாக்டருக்கு ஒரு கடிதம். உறையை ஒட்டவில்லை, நீ படித்துவிட்டுக் கொடு.
3. 19.11.1985 ரிப்போர்ட், மூலப்பிரதி. மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி.
4. என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய அட்டை ஒன்று. "டாக்டரைப் பார்த்தேன்" என்று நானே எழுதிவிட்டேன். தேதியை மட்டும் எழுதவில்லை.