செவலையின் ரத்த ரிப்போர்ட்

செல்வி,

சோறு வடித்திருக்கிறேன். பால் இல்லை, கடுங்காப்பி போட்டுக்கொள். தொழுவத்துக்குப் போகும் முன் இதைப் படித்துவிடு.

செவலைப் பசு விடியற்காலையில் செத்துவிட்டது. உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்று நேற்றுதான் ரிப்போர்ட் வந்தது. "நாலு நாள் முந்தி ரத்தம் எடுத்திருந்தா பொழைக்க வச்சிருக்கலாம், அண்ணாச்சி" என்றார் டாக்டர். நாலு நாளைக்கு முன் அச்சன்புதூரில் உன் அம்மா வீட்டிலிருந்து போனில் நீயும் ரத்தம் எடுத்துப் பார்க்கத்தான் சொன்னாய். "வெயிலுக்கு வந்த காய்ச்சல்தான், நீ பேசாம இரு" என்று நான்தான் போனை வைத்தேன்.

குழி தோண்ட ஆள் கூப்பிட இலஞ்சிக்குப் போகிறேன். பத்து மணிக்கு டாக்டர் வந்து கன்றுக்குட்டியின் காதில் ரத்தம் எடுப்பார். நீ பிடித்துக்கொள்.

முத்துராஜ்

கன்றுக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல். இதை மேலேயே எழுதத் தைரியம் வரவில்லை.