வராத மகனுக்கு வைத்த தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் காவல் நிற்கும் கலைக்கூடத்தில் இப்போது ஓர் அறையை வீடு மாதிரி ஜோடித்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் சுற்றி நிற்க, ஒரு நடிகை தட்டை வைத்துவிட்டு, "சாப்பிட வாடா, ஆறிப்போகுது" என்று மகனைக் கூப்பிடுவார். பதிலே வராது, அதுதான் நாடகம்.

நேற்று மூலையில் நின்ற நான் ஏதோ நினைப்பில், "இதோ வரேம்மா" என்றுவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் வசனத்தை மறந்து நின்றுவிட்டார். மேலாளர் திட்டவில்லை, கவலைப்படாதே. சிலைகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

தம்பியிடம் என் பழைய ஸ்வெட்டரை அனுப்பச் சொல். அடுத்த முறை போன் செய்யும்போது, எடுத்த எடுப்பில் என்னை ஒருதரம் சாப்பிடக் கூப்பிடு. நான் தங்கியிருக்கும் அறையில் பதில் சொல்லத் தடையில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மூத்தவன்